கல்யாண கேசட்டை யாரிடம் கொடுப்பது? பக்கத்து ஸ்டுடியோ, சொந்த முயற்சி, நகரத்து நிபுணர்: ஓர் ஒப்பீடு

சாரல் ஓய்ந்து, பீரோவில் இருக்கும் துணிமணியை எல்லாம் எடுத்து வெயிலில் காயப்போடும் நாட்களில்தான் இந்தக் கேள்வி வரும். "அம்மா கல்யாண கேசட் அகப்பட்டிருக்கு. பக்கத்து ஸ்டுடியோல கொடுக்கவா, நாமளே கம்ப்யூட்டர்ல ஏத்திரலாமா, மெட்ராசுக்கு அனுப்பவா?" இந்த வருஷம் தென்காசி, கடையநல்லூர், புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு என்று பல ஊர்களிலிருந்தும் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு அனுபவத்தை முதலில் சொல்ல வேண்டும். 1993-ல் என் சித்தப்பாவுக்குப் புனலூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் செங்கோட்டையில் மீட்டர் கேஜ் வண்டி ஏறினோம். வீடியோக்காரரும் கூடவே வந்தார். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல், கழுதுருட்டி பக்கம் பதிமூணு கண் பாலத்தில் வண்டி வளைந்து போவது, ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் ஆச்சி யாரையோ அதட்டுவது எல்லாம் அந்த கேசட்டில் இருக்கிறது. 1904-ல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் பாதையை 2010 செப்டம்பரில் மூடினார்கள். 2018-ல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. படத்தில் இருக்கும் வண்டி இனி வராது. ஆச்சியும் இல்லை. ஆச்சியின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

அந்த கேசட்டை யோசிக்காமல் ஒரு கடையில் கொடுத்தோம். டிவிடியாக வந்தது. ரயில் காட்சி முழுக்க ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள், ஆச்சி குரல் அதற்குள் போய்விட்டது. அகலத் திரைக்காக இழுத்ததில் எல்லோர் முகமும் உப்பியிருந்தது. வட்டில் இடம் போதாமல் கடைசி நாற்பது நிமிடம் காணவில்லை. கேசட் பழுதில்லாமல் திரும்பி வந்ததால் இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. எல்லோருக்கும் அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

## முடிவெடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேசட்டின் உடல்நிலை. மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக, நல்ல வெளிச்சத்தில், சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ நூல் நூலாகவோ தெரிந்தால் பூஞ்சணம். குற்றாலச் சாரல் எட்டும் எந்த ஊரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் அதிகமாக, இது சாதாரணம். பூஞ்சணம் பிடித்ததை எந்த பிளேயரிலும் போடாதீர்கள். கேசட்டை ஓட்டும் வி.சி.ஆருக்குள் இருக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அந்தப் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி நாடாவைக் கீறிவிடும். அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி, ஷூ பெட்டியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலைந்தையும் உள்ளே போட்டு வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, நாடா சுருண்டுவிடும்.

எந்த வகை. நம் பக்கம் பெரும்பாலும் வி.எச்.எஸ். பெரிய கேசட். 90-களின் கடைசியிலிருந்து வளைகுடாவில் இருந்தவர்கள் கொண்டுவந்த கையடக்கக் கேமராக்களின் 8 மில்லிமீட்டர் கேசட், அப்புறம் மினி டி.வி. என்ற சின்ன டிஜிட்டல் கேசட். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் என்றால் அது பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. என்ற அந்த ஊர் டிவி முறை. நம் நாட்டு 'பால்' முறை மட்டும் தெரிந்த பிளேயரில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடும். கேசட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எத்தனை கேசட், எவ்வளவு அரியது. இரண்டு கேசட்டுக்கு ஒரு வழி சரி, முப்பது கேசட்டுக்கு வேறு வழி. அந்தக் கல்யாணத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது இருக்கிறதா என்பதும் முடிவை மாற்றும்.

கையில் என்ன வரும். பாட்டு, பூ வளையம், தலைப்பு எதுவும் சேராத முழு மூலக் கோப்பு கிடைக்குமா? அழகான பிரதியை மூலக் கோப்பிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அழகு செய்த பிரதியிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த வழியில் போனாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வி.எச்.எஸ். கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறுதலாக அதன் மேல் பதிவு செய்ய முடியாது.

## வழி 1: பக்கத்து ஊர் ஸ்டுடியோ

மேலே சொன்ன கசப்புக்குப் பிறகும் இந்த வழியை நான் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். நம் ஊர்களில் முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் சிலரிடம் நல்ல வி.சி.ஆர். இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு புதுசு கிடையாது. ரப்பர் உருளை மாற்றி, ஹெட் துடைத்துப் பராமரிக்கத் தெரிந்த கை பெரிய சொத்து.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்த கல்யாண கேசட் பெரும்பாலும் மிக்சிங் முடித்த பிரதி. பிரதி எடுப்பதற்கு முந்திய மாஸ்டர் கேசட் ஸ்டுடியோவிலேயே தங்கியிருக்கலாம். நாடாவிலிருந்து நாடாவுக்கு ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் நிறம் மங்கும், கோடு கலங்கும். ஆகவே கல்யாணத்தைப் படம் பிடித்தவர் இன்னும் கடை வைத்திருந்தால் முதலில் அவரிடம் போங்கள். "மாஸ்டர் இருக்கா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். புனலூர் வீடியோக்காரரிடம் நாங்கள் கேட்கப் போனது இருபது வருஷம் தாமதம்.

மறைந்திருக்கும் செலவு பணமல்ல. வேகம்தான். கல்யாண சீசனில் உங்கள் கேசட்டைப் போட்டுவிட்டு அவர் வேறு வேலை பார்ப்பார். நடுவில் படம் நின்று போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பழக்க தோஷத்தில் பாட்டும் சேர்ப்பார்கள், கடைப் பெயரும் ஓரத்தில் ஓடும். அதனால் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்:

- பாட்டு, பெயர், எஃபெக்ட் எதுவும் வேண்டாம். ஆரம்பத்து வெறும் திரை உட்பட எதையும் வெட்ட வேண்டாம்.
- டிவிடி வேண்டாம். என் ஹார்டு டிஸ்கில் கோப்பாக வேண்டும்.
- அளவு 720×576. படம் 4:3 விகிதத்திலேயே இருக்கட்டும், அகலமாக இழுக்க வேண்டாம்.
- ஓட்டுவதற்கு முன் கேசட்டை ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டு, முழுக்கத் திருப்பிச் சுற்றிவிடுங்கள்.

வாங்கும்போது முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசி அரை மணியைப் பாருங்கள். உதடும் குரலும் சேர்ந்து போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இது சரியான வழி: சுத்தமான வி.எச்.எஸ். கேசட் ஒன்றிரண்டு, உங்கள் சொல்லைக் கேட்கும் ஸ்டுடியோக்காரர், மாஸ்டர் கிடைக்கும் வாய்ப்பு.

## வழி 2: நாமே செய்வது

ஒரு வி.சி.ஆர்., மஞ்சள் சிவப்பு வெள்ளை முனைகள் உள்ள கேபிள், கம்ப்யூட்டரில் செருகும் யு.எஸ்.பி. கேப்ச்சர் கருவி, ஓர் இலவச மென்பொருள். கேட்கச் சுலபம். நான் இப்படித்தான் பதினோரு கேசட்டை ஏற்றினேன், ஆகவே எங்கே இடறும் என்று தெரியும்.

முதல் இடறல் நேரம். மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்ட வழியே இல்லை. கேபிள் சரிபார்ப்பது, சோதனை ஓட்டம், திரும்பப் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு கேசட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

இரண்டாவது பழைய வி.சி.ஆர். பழைய சாமான் கடையில் வாங்கியதில் உடனே நம் கேசட்டைப் போடக் கூடாது. யாருக்கும் வேண்டாத ஒரு சினிமா கேசட்டைப் போட்டு முழுக்க ஓட்டிப் பாருங்கள். நாடாவை மெல்லாமல் வெளியே விட்டால்தான் அடுத்தது.

மூன்றாவது கேப்ச்சர் கருவி. மிக மலிவானவை நடுநடுவே படச் சட்டங்களை (ஃபிரேம்களை) விட்டுவிடும். ஒரு மணி நேரம் ஆனதும் நாதஸ்வரக்காரர் வாசிப்பது ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்றாகிவிடும். "எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றி 1080-க்கு உயர்த்தும்" என்று விற்கும் சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். நம் ஊர் வி.எச்.எஸ். படம் நொடிக்கு 50 அரைப் படங்களாகப் பதிவானது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று மாறி மாறி வரும். அந்தப் பெட்டிகள் பல பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை இழுத்துப் பெரிதாக்கும். கும்மியடிக்கும் கை வழுக்கிக்கொண்டு போகாமல் வெட்டி வெட்டித் தெரிந்தால் இதுதான் காரணம். அந்த 50-ஐயும் அப்படியே ஏற்றிவிட்டு, பார்ப்பதற்கான பிரதி செய்யும்போது மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். வி.சி.ஆரில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கேபிளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். நிறம் தெளிவாக வரும். படம் மேல் பக்கம் வளைந்து ஆடினால், சில வகைப் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் இணைத்தால் அடங்கும்.

மினி டி.வி. கேசட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியை உறுதியாகச் சொல்வேன். அது ஏற்கெனவே டிஜிட்டல். கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்கினால் ஒரு துளி இழப்பில்லாமல் வரும், மணிக்கு சுமார் 13 ஜி.பி. புதிய லேப்டாப்களில் ஃபயர்வயர் துளை இல்லை. அதோடு கூடிய பழைய கம்ப்யூட்டரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். 8 மில்லிமீட்டர் கேசட்டுக்கும் அது பதிவான கேமராவே நல்ல பிளேயர். கேமரா செத்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். சில சமயம் சார்ஜர்தான் போயிருக்கும்.

இது சரியான வழி: பத்துக்கு மேல் நல்ல நிலையில் உள்ள கேசட்டுகள், பொறுமையுள்ள ஓர் ஆள், மினி டி.வி. சரியில்லாத வழி: பூஞ்சணம், அறுந்த நாடா, ஒரே ஒரு அரிய கேசட்டை வைத்துத் தொழில் பழகுவது.

## வழி 3: நகரத்தில் இருக்கும் நிபுணர்

சென்னை, கொச்சி, பெங்களூரு போன்ற இடங்களில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் இரண்டு. ஒன்று, டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. நாடா தளர்ந்து வரிகள் முன்பின்னாக வருவதை அது நேராக்கிக் கொடுக்கும். இரண்டு, பூஞ்சணம் துடைப்பது, அறுந்த நாடாவை ஒட்டுவது, உடைந்த கேசட் ஓட்டிலிருந்து நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றுவது. இதை வீட்டில் செய்யப் பார்த்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இலங்கை, மலேயாவில் இருந்து வந்த குடும்பங்களில் எப்போதாவது 8 மில்லிமீட்டர் சினிமாச் சுருள் இருக்கும். 50 அடிச் சுருள், மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். புரொஜெக்டரில் ஓட்டிச் சுவரில் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். சுருங்கிய சுருளைப் பல்சக்கரம் கிழித்துவிடும். ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்பவரிடம்தான் போக வேண்டும்.

கட்டணம் ஸ்டுடியோவைவிடக் கூடுதல். அது வெளியே தெரியும் செலவு. தெரியாதது போக்குவரத்தும் காத்திருப்பும். மழைக்காலத்தில் கூரியர் மூட்டையில் கேசட் போவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும் சொந்தக்காரர் கைப்பையில் கொடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை என்றால் மட்டும் கூரியர். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பாதீர்கள். முதலில் ஒன்று, வேலை பிடித்திருந்தால் மற்றவை. கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி: வேலையை நீங்களே செய்கிறீர்களா, வெளியே கொடுக்கிறீர்களா? இழப்பில்லாத மூலக் கோப்பு தருவீர்களா? இரண்டாவதற்கு "எம்.பி.4 போதும் சார்" (அது சுருக்கிய கோப்பு) என்று பதில் வந்தால் நான் வேறு ஆளைத் தேடுவேன்.

| | ஸ்டுடியோ | நாமே | நிபுணர் |
|---|---|---|---|
| சுத்தமான கேசட் ஒன்றிரண்டு | நல்லது | அலைச்சல் அதிகம் | செலவு அதிகம் |
| பத்துக்கு மேல் | செலவு ஏறும் | நல்லது | முக்கியமானதை மட்டும் |
| பூஞ்சணம், அறுந்த நாடா | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் | இதுதான் வழி |
| மினி டி.வி. | ஃபயர்வயர் இருந்தால் | நல்லது | தேவையில்லை |
| சினிமாச் சுருள் | வேண்டாம் | வேண்டாம் | இதுதான் வழி |
| மூலக் கோப்பு | கேட்டு வாங்க வேண்டும் | நம் கையில் | பேசித் தீர்க்க வேண்டும் |
| மறைவான செலவு | அவசரம், பாட்டு | நம் ஞாயிறுகள் | அனுப்புவது, காத்திருப்பது |

எங்கள் வீட்டில் கடைசியில் கலந்துதான் செய்தோம். சாதாரண கேசட்டுகளை நான் ஏற்றினேன். ஆச்சி இருக்கும் கேசட் சென்னைக்குப் போனது.

2000-க்குப் பிறகு கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் விசிடிதான் இருக்கும். அதற்கு எந்தக் கடையும் வேண்டாம். வட்டு படிக்கும் கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருக்கும் கோப்புகளை அப்படியே நகலெடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

## ஏற்றிய பிறகு எதில் வைப்பது

முதலில் கணக்கு. பன்னிரண்டு கேசட், ஒவ்வொன்றும் இரண்டரை மணி என்றால் 30 மணி நேரம். இழப்பில்லாத எஃப்.எஃப்.வி.1 முறையில் வைத்தால் மணிக்குச் சுமார் 30 ஜி.பி., மொத்தம் 900 ஜி.பி. இது திறந்த முறை, ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்துவது. பார்ப்பதற்கான எம்.பி.4 பிரதி நொடிக்கு 10 மெகாபிட் வைத்தால் மணிக்கு 4.5 ஜி.பி., மொத்தம் 135 ஜி.பி. இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்றில் இரண்டும் அடங்கும்.

டிவிடி. வீட்டில் எழுதும் டிவிடி சாயப் பூச்சில் எழுதப்படுவது. நம் ஊர் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது தாங்குவதில்லை. போதாததற்கு 4.7 ஜி.பி.க்குள் அடைக்கப் படத்தை நசுக்க வேண்டும். பெரியம்மாவுக்கு டிவியில் போட்டுப் பார்க்க ஒன்று எழுதிக் கொடுங்கள். அதையே காப்பாக நம்பாதீர்கள்.

ஹார்டு டிஸ்க். மூலக் கோப்புக்கு இதுதான் என் தேர்வு. ஒன்று போதாது, இரண்டு வேண்டும், வேறு வேறு நிறுவனத்தினுடையது. ஒன்று செங்கோட்டையில் எங்கள் வீட்டில், மற்றது கோயம்புத்தூரில் தங்கை வீட்டில். பொங்கலுக்கு வெள்ளையடித்துச் சாமான் அடுக்கும்போது எடுத்துச் செருகி, திறந்து பார்த்துவிட்டு வைக்கிறோம். ஐந்தாறு வருஷத்தில் புது டிஸ்க் வாங்கி மாற்றிவிட வேண்டும். கோப்பு ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல ஒரு செக்சம் எண் எடுத்து வைத்தால், நகலெடுக்கும்போது எது கெட்டது என்று உடனே தெரியும். பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் நினைவு இழக்கலாம். கொண்டுபோகப் பயன்படுத்துங்கள், வைத்திருக்க அல்ல.

இணையச் சேமிப்பு. வெள்ளம், திருட்டு, தீ எதுவும் தொடாத இடம் இது ஒன்றுதான். ஆனால் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ல் முடிந்துவிட்டது. மாதாமாதம் அல்லது வருஷா வருஷம் கட்ட வேண்டும். இடம் மிச்சப்படுத்தும் அமைப்பில் ஏற்றினால் படத்தையும் சுருக்கிவிடும். இரண்டு வருஷம் யாரும் உள்ளே போகாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம். இங்கே மறைவான செலவு கடவுச்சொல். அது அப்பாவுக்கு மட்டும் தெரிந்தால் அப்பாவோடு போய்விடும். வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும், ஒரு நோட்டில் எழுதியும் இருக்கட்டும். எம்.பி.4 பிரதியை மட்டும் இதில் வையுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது காப்பு ஆகாது. அது பிழிந்து அனுப்புகிற படம்.

கேசட்டை ஏற்றியாகிவிட்டது என்று தூக்கி எறியவும் வேண்டாம். முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் போல நிற்க வைத்து, தரையிலும் வெளிச் சுவரிலும் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், காந்தம் உண்டு. நாளை இதைவிட நல்ல முறை வந்தால் திரும்ப எடுக்கலாம்.

## யார் யார் என்று எழுதுவது

இதற்கு மட்டும் எந்த ஸ்டுடியோவும் நிபுணரும் உதவ முடியாது. சென்னையிலிருந்து கோப்பு வந்த வாரம் சித்தியை உட்கார வைத்து முழுக்க ஓட்டினோம். நான் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே போனேன். பந்தலில் நிற்கும் பெரியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரியாது. சித்தி ஒவ்வொருவராகச் சொன்னார்: இது இடைமண்ணில் கடை வைத்திருந்த மாமா, இது அவர் சம்சாரம், அந்தப் பொண்ணு என்கூட தையல் படிச்சவ. அதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகத் தட்டி, வீடியோவின் அதே பெயரில், அதே ஃபோல்டரில் வைத்தேன்.

ரயில் காட்சி வந்தது. பாட்டு இல்லாமல் முதல் முறையாகச் சத்தம் கேட்டது. சக்கரச் சத்தத்துக்கு மேல் ஆச்சி, "ஏலே, கைய உள்ள எடு, குகை வருது" என்கிறார். ஆச்சி அதட்டியது யாரை என்று எங்களுக்கு இத்தனை நாள் தெரியாது. சித்தி நிறுத்தச் சொல்லிப் பின்னால் ஓட்டச் சொன்னார். ஜன்னல் கம்பியில் தெரியும் சின்னக் கையில் சிவப்புக் கயிறு. அது நான்.